கொங்கு நாட்டில் ராக்: வாசிக்க, கேட்க, மேடையேற நினைப்பவர்கள் அடிக்கடி கேட்பவை

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ராக் வாசிக்கிறவர்கள் குறைவு. அவர்களைப் பிடித்து நிறுத்திச் சந்தேகம் கேட்கிறவர்கள் அதிகம். நான் பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து பேஸ் கிடார் (தாழ்ந்த சுரங்களுக்கான கிடார்) வாசிக்கிறேன். ராக் கேட்கத் தொடங்கியது அதற்கும் முன்னால். பட்டறைக்கு வரும் பையன்கள், நிகழ்ச்சி முடிந்து வயர் சுற்றும்போது மேடையோரம் வந்து நிற்பவர்கள், பிள்ளையை வகுப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பது ஏறக்குறைய இவைதான். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஏனுங்ண்ணா, ராக்குங்கறது சும்மா கத்தறதுதானுங்களே?

கத்துவது அதில் ஒரு வகை. 1950களில் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் ப்ளூஸ், ரிதம் அண்ட் ப்ளூஸ் இசையும், கிராமத்து வெள்ளையர்களின் கன்ட்ரி இசையும் கலந்து பிறந்தது ராக் அண்ட் ரோல். நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் டிரம் 'டப்' என்று விழும். அதன் மேல் கிடாரும் பேஸும் ஒரு சின்ன வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதற்கு ரிஃப் என்று பெயர். பாட்டின் முதுகெலும்பு அதுதான். மேலே பாடுகிறவர் கத்தலாம், முணுமுணுக்கலாம், பேசவும் செய்யலாம்.

கிடாரின் அந்தக் கரகரப்பைக் கேட்டுத்தான் பலர் 'கத்தல்' என்கிறார்கள். கிடார் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப் தாங்குகிற அளவுக்கு மேல் சிக்னலை அனுப்பினால் அலையின் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் புதிதாக மேல்சுரங்கள் சேரும். பழைய வால்வு ஆம்ப்களில் இதைக் கோளாறாகத்தான் பார்த்தார்கள். வாசித்தவர்களுக்கு அது பிடித்துப்போனது. இன்று அந்தச் சத்தத்துக்கென்றே காலால் மிதிக்கும் பெடல் விற்கிறார்கள்.

இதெல்லாம் மெட்ராஸ், பெங்களூர் சமாச்சாரம். நம்மூர்ல யாருங்க கேட்டாங்க?

கேட்டார்கள். 1980களில் கோவையில் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. வெற்று கேசட்டும், வேண்டிய பாட்டுகளை எழுதிய தாளும் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் பதிவு செய்து தருவார்கள். எண்பது பேர் இளையராஜா பாட்டுக் கேட்கிற இடத்தில் ஒரு ஆள் டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழுவைக் கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். 1990களில் கேபிள் வந்ததும் கேட்டதைக் கண்ணாலும் பார்க்க முடிந்தது.

இன்னும் இரண்டு வழிகளை யாரும் சொல்வதில்லை. ஒன்று, பொறியியல் கல்லூரி விடுதிகள். கேரளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த மாணவர்கள் கையோடு கிடாரையும் கொண்டுவந்தார்கள். கல்லூரி விழாக்களில் லைட் மியூசிக் போட்டிக்குப் பக்கத்திலேயே வெஸ்டர்ன் போட்டியும் நடந்தது. இன்னொன்று, தேவாலயங்கள். கோவையில் நன்றாகக் கிடார் பிடிக்கிறவர்களில் பலர் முதல் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) கற்றது ஞாயிறு ஆராதனையில். எனக்குப் பேஸ் சொல்லிக்கொடுத்தவரும் அங்கிருந்து வந்தவர்தான்.

முதல் கிடார் எது வாங்கறது? அக்கௌஸ்டிக்கா, எலக்ட்ரிக்கா?

எந்தப் பாட்டு வாசிக்க ஆசையோ அதற்கு ஏற்றதை வாங்குங்கள். 'முதலில் அக்கௌஸ்டிக்கில் கஷ்டப்படு, அப்புறம் எலக்ட்ரிக்' என்பது பழைய வாத்தியார் பேச்சு. எலக்ட்ரிக்கில் கம்பி மெல்லியது, அழுத்துவது சுலபம். ஆனால் ஆம்ப்பும் சேர்த்து வாங்க வேண்டும். இன்றைய விலையில் வாசிக்கத் தகுந்த அக்கௌஸ்டிக் ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். எலக்ட்ரிக்கும் சின்ன ஆம்ப்பும் சேர்த்தால் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு. அதற்குக் கீழே மூவாயிரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

கடையில் மூன்று விஷயம் பாருங்கள். தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக் கழுத்தை நோக்கினால் பெரிய வளைவு தெரியக் கூடாது. கழுத்தின் பன்னிரண்டாம் கட்டையில் (ஃப்ரெட்) கம்பி இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் தூக்கி நிற்கக் கூடாது. அதே கட்டையில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் மணிச்சத்தமும், அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பட்டறைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் கீ போட்டுத் திருகலாம் என்று தெரிந்ததும் உங்களுக்குக் கை நமைக்கும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகிவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மரம் இரும்பு மாதிரி உடனே பதில் சொல்லாது. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடாரை வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போகவும் வேண்டாம். பசை இளகி, கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும்.

விரல் வலி எப்பத் தீருமுங்க?

தினமும் இருபது நிமிடம் வாசித்தால் மூன்று நான்கு வாரத்தில் நுனி காய்த்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் வாசித்தால் வலி தீரவே தீராது. மணிக்கட்டு வலித்தால் மட்டும் நிறுத்துங்கள், அது வேறு கதை.

நான் பிரஸ் வேலை செய்யறேன். விரல் நுனி போயிருச்சு. எனக்கெல்லாம் இது வருமுங்களா?

தகடு வெட்டும் பிரஸ் இயந்திரங்கள் ஓடும் கோவையில் இந்தக் கேள்வி அபூர்வமானதல்ல. பட்டறையும் ஃபவுண்டரியும் நிறைந்த இன்னொரு ஊர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். அங்கே டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தான். வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாளன்று இயந்திரத்தில் வலது கை நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. அவன் இடதுகைக்காரன், கம்பியை அழுத்துவது வலது கையால். வாசிப்பு முடிந்தது என்றுதான் நினைத்தான். தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிடார் கலைஞரின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஜாங்கோ 1928இல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிப்போனபின், மீதி விரல்களை வைத்தே வாசித்தவர்.

அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மேலே தோல் ஒட்டினார். கனமான கம்பி வலித்ததால் மெல்லிய கம்பிக்கு மாறினார். பின்னால் சுருதியையும் இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார். 1970இல் அவருடைய பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அடுத்த ஆண்டே வந்த மூன்றாவது ஆல்பத்தில் அந்த இறங்கிய, கனத்த சத்தம் தெளிவாகக் கேட்கும். ராக்கின் கனத்த வகையான ஹெவி மெட்டலில் இன்று பலரும் சுருதியை இறக்கி வாசிப்பதற்குப் பின்னால் ஒரு தொழிலாளியின் காயம் இருக்கிறது. டெஃப் லெப்பர்ட் என்ற ராக் குழுவின் டிரம்மர் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று நடந்த கார் விபத்தில் இடது கையை இழந்தார். அந்தக் கை வாசித்ததைக் காலால் வாசிக்கும்படி எலக்ட்ரானிக் பெடல்கள் அமைத்துக்கொண்டு மேடைக்குத் திரும்பினார். உங்களிடம் லேத் இருக்கிறது, டெஃப்லான் துண்டு இருக்கிறது. தொப்பி செய்வது உங்களுக்குத் தெரியாததா?

கிடார் எடுத்தாலே 'இளைய நிலா வாசி'ங்கறாங்க. எரிச்சலா இருக்கு. என்ன பண்ண?

வாசியுங்கள். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் கிடார் தூக்கிய ஒவ்வொருவரிடமும் இதைத்தான் கேட்கிறார்கள். சுத்தமாக வாசிக்கப் பாருங்கள். அது ஒன்றும் எளிதான வாசிப்பு அல்ல. இளையராஜாவே கிடார் வாசித்தவர், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வு எழுதியவர். அவருடைய பாட்டுகளில் பேஸ் கிடார் எப்படி நகர்கிறது என்று மட்டும் ஒரு மாதம் கேட்டுப் பாருங்கள். எந்த ராக் பேஸ் வாத்தியாரும் அவ்வளவு சொல்லித்தர மாட்டார். சினிமாப் பாட்டை இளக்காரமாகப் பேசும் ராக் ரசிகர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

கர்நாடக சங்கீதம் தெரிஞ்சா ராக்குக்கு உதவுமுங்களா?

நிறையவே உதவும். ராக்கில் தனி வாசிப்புக்கு அடிப்படையான மைனர் பென்டடானிக் என்ற சுர வரிசை, நம் சுத்த தன்யாசி ராகத்தின் ஐந்து சுரங்கள்தான். மேஜர் பென்டடானிக் மோகனம். டோரியன் கரகரப்பிரியா, இயற்கை மைனர் நடபைரவி. சுத்த தன்யாசியில் பிரதி மத்யமத்தையும் லேசாகத் தொட்டுவிட்டுப் போனால் ப்ளூஸ் வாசனை வந்துவிடும். கம்பியை இழுத்துச் சுரத்தை ஏற்றுவதற்கும் வீணைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பவர் கார்டு என்பது சட்ஜமும் பஞ்சமமும் மட்டும். காந்தாரம் கிடையாது. மேலே சொன்ன கரகரப்போடு காந்தாரமும் சேர்ந்தால் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கலாகக் கேட்கும். அதனால்தான் இந்த வழி. தம்புராவில் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமே இல்லை. தடையாக வருவது ஒன்றே ஒன்று: தனிக் கச்சேரி மனசு. எல்லா இடத்தையும் தானே நிரப்ப வேண்டும் என்ற பழக்கத்தைப் பேண்டுக்கு வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும்.

தனியா வாசிச்சா பாட்டு அப்படியே வருதுங்ண்ணா. பேண்டுல நின்னா குழறுது. ஏன்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. என் வரையில் இந்தப் பக்கத்தின் நடுப்புள்ளியும் இதுதான்.

வீட்டில் யூடியூபோடு வாசிக்கும்போது அது உங்களைக் கேட்பதில்லை. நீங்கள் பிந்தினாலும் முந்தினாலும் அது தன் பாட்டுக்குப் போகும். பிசகிய இடத்தை விட்டு அடுத்த வரியில் ஏறிக்கொள்கிறீர்கள். அசல் பாட்டு பின்னால் ஓடுவதால் உங்கள் பிசகு உங்களுக்கே கேட்காது. பேண்டில் அப்படியில்லை. டிரம்மர் உங்களைக் கேட்கிறார், நீங்கள் டிரம்மரைக் கேட்க வேண்டும், பாடுகிறவர் மூச்சு வாங்க அரை நொடி எடுத்தால் எல்லோருக்கும் அது தெரிய வேண்டும். பெரும்பாலானவர்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார்கள். காது வேலைக்கே வருவதில்லை.

இதற்கு நான் சொல்லும் வைத்தியம்: தாள எண்ணிக்கையைத் தட்டிக் காட்டும் மெட்ரனோமை எல்லா எண்ணிக்கைக்கும் வைக்காமல் இரண்டுக்கும் நான்குக்கும் மட்டும் ஒலிக்க விட்டு வாசியுங்கள். ஒன்றையும் மூன்றையும் நீங்களே சுமக்க வேண்டிவரும், முதல் வாரம் கோபம் வரும். ஒத்திகையில் பாதி நேரம் காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மும் பேஸும் மட்டும் வாசிக்கட்டும், மற்றவர்கள் சும்மா உட்கார்ந்து கேட்கட்டும். மொபைலில் பதிவு செய்து அன்று கேட்காமல் மறுநாள் கேளுங்கள். அப்புறம் ஒரு சரணம் முழுவதும் வாசிக்காமல் நின்று பழகுங்கள். கிடார்காரர்களுக்கு மிகக் கடினமான பாடம் இதுதான்.

இன்னொரு காரணம் வெறும் இயற்பியல். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும். டிரம்ஸிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்றால் அடி உங்களுக்கு நொடியில் நூறில் மூன்று பங்கு தாமதமாக வரும். கேட்க அற்பமாகத் தோன்றும், வாசித்தால் இழுவை தெரியும். கல்யாண மண்டப மேடை அகலமாக இருக்கிறது என்று ஆளுக்கொரு மூலையில் நிற்காதீர்கள். டிரம்ஸைச் சுற்றி நெருங்கி நில்லுங்கள். ஒருவர் சத்தத்தைக் கூட்டினால் மற்றவரும் கூட்டும் போட்டியும் அதோடு பாதி குறையும்.

டிரம்ஸ் எங்க வெச்சு வாசிக்கறது? வீட்டுலயும் திட்டறாங்க, பக்கத்து வீட்டுலயும் திட்டறாங்க.

சோமனூர், பல்லடம் பக்கம் சொந்தக்காரர் யாராவது விசைத்தறி ஓட்டுகிறாரா என்று முதலில் விசாரியுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தறி ஓடும் தெருவில் டிரம்ஸ் வாசித்தால் யாருக்கும் தெரியாது, தறி நின்றால்தான் தெரியும். நாங்கள் நிறைய நாள் ஒரு தறிக்குடோனை ஒட்டிய அறையில்தான் ஒத்திகை பார்த்தோம். தறிச் சத்தத்தில் வளர்ந்த டிரம்மருக்குத் தாளம் பிசகாது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்வார். எனக்கு நம்பிக்கை இல்லை, கேட்க நன்றாக இருப்பதால் மறுப்பதும் இல்லை.

அந்த வசதி இல்லாதவர்கள் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் அட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, வெளியே போகும் சத்தத்தைத் தடுக்காது. தீப்பிடித்தால் ஆபத்து வேறு. சத்தத்தைத் தடுப்பது கனமும் இடைவெளி இல்லாமையும்தான்: செங்கல் சுவர், கனமான கதவு, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. கிக் டிரம்முக்குள் திணிக்கத் தலையணை வாங்க வேண்டாம். திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு கிலோ போதும். வீட்டில் தினசரிப் பயிற்சிக்கு ரப்பர் பேட் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டுப் பழக்கமெல்லாம் அதிலேயே வரும்.

மேடையில நின்னா கிடார் 'ங்ங்ங்'னு இரையுது. கையத் தூக்கினா கூடுது. என்ன கோளாறு?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட், சீரியல் செட், டிம்மர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அதைக் காற்றில் இறைக்கின்றன. கிடாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புச் சுருள். கம்பி அதிர்ந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கிறது. அதே சுருள் சுற்றியிருக்கும் இரைச்சலையும் ஆண்டெனா மாதிரி பிடித்துக்கொள்ளும். 1950களில் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தத் திசையையும் மாற்றி வைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கம்பியின் சத்தம் மட்டும் சேரும். அதுதான் ஹம்பக்கர். ஒற்றைச் சுருள் கிடார் வைத்திருப்பவர்கள் சீரியல் செட் பக்கம் நிற்காமல், திசையை மாற்றி நின்று பாருங்கள்.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் நிற்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், எர்த் பாருங்கள். நம்மூர்த் திறந்தவெளி மேடைகளில் ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடித்தார்களா என்று கேட்பது நம் வேலைதான். இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் மூன்றாவது பின்னை எடுத்துவிடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். 1972இல் ஸ்காட்லாந்து கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். ஒரு கை கிடார் கம்பியில், உதடு மைக்கில் என்று நிற்கிறவர் நீங்கள். பாட்டுக்கு முன்னால் டெஸ்டர் வைத்து மைக்கைத் தொட்டுப் பாருங்கள். பத்து நொடி வேலை.

ஆடி மாசத்துல அவுட்டோர் புரோகிராம் ஒத்துக்கலாமுங்களா?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், சவுண்ட்காரருக்குத் திண்டாட்டம். மைக்குக்குள் காற்று புகுந்து இடி மாதிரி கேட்கும், எல்லா மைக்குக்கும் பஞ்சுத் தொப்பி வேண்டும். சிம்பல் ஸ்டாண்டு காலில் மணல் மூட்டை வையுங்கள். பின்னால் கட்டும் ஃபிளெக்ஸில் காற்று போக ஓட்டை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாரத்தையும் சேர்த்து இழுக்கும். முடிந்தால் அந்த மாதங்களில் மண்டபத்துக்குள் வாசியுங்கள்.

கோயில் நோம்பிக்கு ராக் வாசிக்கலாமா? கமிட்டில எங்க மாமா இருக்காரு.

மாமா இருக்கிறார் என்பதற்காக மட்டும் வேண்டாம். மாரியம்மன் நோம்பி மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் குடும்பத்தோடு பாட்டுக் கேட்க வந்தவர்கள். மூன்று மணி நேரம் முழுவதும் ஆங்கில ராக் வாசித்தால் குற்றம் உங்களுடையதுதான். நான் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசித்துக் கோபி, காங்கேயம், தாராபுரம் பக்கமெல்லாம் போயிருக்கிறேன். ஆர்க்கெஸ்ட்ரா டிரம்மர்களைப் போலத் திடமான ஆட்களை ராக் வட்டாரத்தில் பார்ப்பது அரிது. ஒத்திகை இல்லாமல், கூட்டத்திலிருந்து வரும் சீட்டில் எழுதிய பாட்டை அடுத்த நிமிடம் வாசிப்பார்கள். ஒரு வருடம் அந்த மேடையில் நின்றுவிட்டு வந்தால் உங்கள் வாசிப்பே வேறு மாதிரி இருக்கும்.

ராக்குக்கு அங்கே இடமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஜமாப் மேளக்காரர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் அவர்களையும் மேடைக்கு அழைத்து, பேஸும் கிடாரும் ஒரே ரிஃப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, மேளத்தை முன்னால் விட்டுப் பாருங்கள். கூட்டம் எழுந்து ஆடும். பெயர் ராக்கா வேறு எதுவா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவர்களை வேடிக்கைப் பொருளாக நடுவில் நிறுத்தாமல், சம்பளத்தையும் சரிசமமாகப் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலி மாசு விதிகள் 2000இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்றவற்றுக்கு மாநில அரசு ஆண்டில் அதிகபட்சம் 15 நாள்களுக்கு நள்ளிரவு வரை தளர்த்தலாம். போலீஸ் அனுமதிச் சீட்டின் நகல் மேடையிலேயே இருக்கட்டும்.

பெங்களூருக்கு ராத்திரி ரயில் ஏறிப் போய் ஷோ பாக்கறது காசுக்குத் தகுமா? யூடியூப்லயே வருதே.

தகும். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழு பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கறுப்புச் சட்டை ரசிகர் கூட்டம் ஒன்று ரயிலேறியது. அதுவரை நம்மூரில் இதைக் கேட்கிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தவர்கள் பிளாட்பாரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 2011 அக்டோபர் 30இல் இன்னொரு மெட்டல் குழுவான மெட்டாலிகா அங்கேயே வந்தது. இரண்டு நாள் முன்னதாக டெல்லிக்குப் பக்கத்தில் குர்கானில் நடக்க வேண்டிய நிகழ்ச்சி ரத்தாகிவிட்டதால், கடைசி நிமிடம் வரை எங்களுக்கும் நெஞ்சு படபடத்தது.

யூடியூபில் கிடைக்காதது கிக் டிரம் நெஞ்செலும்பில் விழும் அடி. மொபைல் ஸ்பீக்கரால் அந்தத் தாழ்ந்த ஒலியை எழுப்பவே முடியாது. இன்னொன்று, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வரியைச் சேர்ந்து பாடும்போது முன்னால் இருப்பவர்களும் பின்னால் இருப்பவர்களும் ஒன்றாகப் பாடுவதில்லை, அலை மாதிரி பின்னுக்கு நகர்ந்து வரும். மேலே ஒலியின் வேகம் பற்றிச் சொன்னேனே, அதன் விளைவுதான். நூறு மீட்டர் பின்னால் இருப்பவருக்கு எல்லாம் கால் நொடிக்கு மேல் தாமதம்.

எங்கே நிற்பது என்று கேட்டால், சவுண்ட் மிக்ஸர் மேசைக்கு இரண்டடி முன்னால். அந்த மனிதர் தன் காதுக்கு நன்றாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். மேடைக்கு அடியில் முண்டியடித்தால் படம் நன்றாக வரும், சத்தம் வராது.

இவ்வளவு சத்தத்துல காது போயிடாதுங்களா?

போகும். போனால் திரும்பாது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். ராக் நிகழ்ச்சி அதைச் சாதாரணமாகத் தாண்டும். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்குக் காதில் இரைச்சல் நிரந்தரமாகிவிட்டது. ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல் கேட்கும் திறன் பாதித்ததால் பாதிச் சுற்றுப்பயணத்தில் விலகினார்.

தறியிலும் பிரஸ்ஸிலும் வேலை செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பகலில் ஒரு டோஸ் ஏற்கெனவே ஏறியிருக்கும். மருந்துக்கடையிலும் பாதுகாப்பு உபகரணக் கடையிலும் கிடைக்கும் ஃபோம் அடைப்பான் போதும். உருட்டி, காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு விரிய விட வேண்டும். பஞ்சு அடைப்பது வீண்.

எங்க பொண்ணு டிரம்ஸ் கத்துக்கறேங்குது. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க?

ஆசைப்படுகிறது, அதற்குத்தான். மும்பையின் மோஹினி டே பதின்ம வயதிலேயே தொழில்முறையாகப் பேஸ் வாசிக்கத் தொடங்கி, ஏ.ஆர்.ரஹ்மான் மேடையிலும் உலகக் கலைஞர்களோடும் வாசிக்கிறார். உங்களுக்கு உண்மையில் கவலை தரவேண்டியது ஒத்திகை எங்கே, எத்தனை மணிக்கு முடிகிறது, யார் கூட்டிவருவது என்பதுதான். அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். வாத்தியத்தை மாற்றச் சொல்லாதீர்கள்.

தமிழ்ல ராக் பாடினா ஒட்ட மாட்டேங்குதே. ஏன்?

ஆங்கில மெட்டில் தமிழ் வார்த்தையைத் திணிப்பதால். தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். தாளத்துக்காகக் குறிலை இழுத்தால் 'கலை' 'காலை' ஆகிவிடும். ரிஃப்பை முதலில் போட்டுவிட்டு வார்த்தை தேடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். வரியைப் பேசிப் பார்த்து, அதன் ஏற்ற இறக்கத்திலிருந்து ரிஃப்பை எடுங்கள். நம் உடுமலைப் பையன்கள் கிறுக்கிய ஒரு வரி: 'காத்தாடி சுத்துது காட்டுக்குள்ள, கரண்டுதான் இல்ல வீட்டுக்குள்ள.' இதை வாயால் நாலு தடவை சொல்லுங்கள், கிக்கும் ஸ்னேரும் எங்கே விழ வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதை பாடுகிறவர்கள் உடுக்கையை வைத்துக்கொண்டு இதைத்தான் காலங்காலமாகச் செய்கிறார்கள். ஒரு முழு இரவு உட்கார்ந்து கேட்டால் உங்களுக்குப் பத்துப் பாட்டுக்குச் சரக்கு கிடைக்கும்.

மலையாளத்தில் அவியல் குழு இதைச் சாதித்துக் காட்டியது. சென்னையில் 2018 ஜனவரியில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் பறையையும் ராக், ராப்போடு சேர்த்துச் சாதியைப் பற்றி நேரடியாகப் பாடியது. ஒட்டியதா இல்லையா என்று யாரும் சந்தேகம் கேட்கவில்லை. சொல்ல ஒரு விஷயம் இருந்தால் மொழி தடுக்காது.

இதுல சம்பாதிக்க முடியுமுங்களா?

ராக் மட்டும் வாசித்து, கொங்கு நாட்டில், முடியாது. வகுப்பு எடுப்பது, ஆர்க்கெஸ்ட்ரா, கல்யாண வரவேற்பு, சவுண்ட் இன்ஜினியர் வேலை, எல்லாம் சேர்த்தால் குடும்பம் ஓடும். டிரினிட்டி, ராக்ஸ்கூல் கிரேடு தேர்வுகள் எழுதியிருந்தால் பள்ளிகளில் வாத்தியார் வேலைக்கு உதவும். பேண்டுக்குள் பணச் சண்டை வராமல் இருக்க, நிகழ்ச்சிக்கு முன்பே பங்கை வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுங்கள். பாதிக் குழுக்கள் உடைவது இசையால் அல்ல, வேன் வாடகையால்.

லேப்டாப்புல டிராக் ஓட்டி மேல வாசிச்சா அது லைவ்வா? எல்லாரும் அப்படித்தான பண்றாங்க.

இளைஞர்கள் கோபத்தோடு கேட்பது இது. கீபோர்டு ஆள் கிடைக்கவில்லை, பின்னணிக்கு ஒரு வயலின் கூட்டம் வேண்டும் என்றால் முன்பே பதிவு செய்த டிராக்கை ஓட்டுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. உலகப் பெரிய குழுக்களும் செய்கின்றன. ஆனால் குழுவில் டிரம்மர் இருக்கும்போது டிரம்ஸையே டிராக்கில் ஓட்டுவதை நான் ஏற்க மாட்டேன். பேண்டில் குழறுவது பற்றிச் சொன்ன பதிலைத் திரும்பப் படியுங்கள்: டிராக் உங்களைக் கேட்காது. கூட்டம் ஒரு இடத்தில் சேர்ந்து பாடுகிறது, இன்னும் எட்டு எண்ணிக்கை அதிலேயே நிற்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினாலும் அது அடுத்த பகுதிக்குப் போய்விடும்.

ஓட்டியே ஆக வேண்டும் என்றால் தாளம் காட்டும் க்ளிக் சத்தத்தை டிரம்மருக்கு மட்டும் ஹெட்போனில் கொடுங்கள், மற்றவர்கள் அவரைப் பின்தொடரட்டும். வாரத்தில் ஒரு ஒத்திகையாவது டிராக் இல்லாமல் நடக்கட்டும். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டினால் சார்ஜர் வழியாக வரும் இரைச்சல் இருக்காது. நடுவில் ஜெனரேட்டர் மாற்றினாலும் லேப்டாப் அணையாது; ஆம்ப்கள் அணைந்துவிடும் என்பதால், அந்த நேரத்துக்கு டிரம்மரிடம் ஒரு தனி ஆவர்த்தனம் தயாராக இருக்கட்டும்.